கையில் காசில்லாத விருந்தாளிகள்

(பெங்களூரில் தமிழ் வாசகர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"உலகம் சுற்றுவது பற்றிப் பேசுங்கள், ஆனால் டூர் பேக்கேஜ் வேண்டாம்" என்று அமைப்பாளர்கள் சொல்லிவிட்டார்கள். ஏழு நாளில் ஒன்பது நாடு பார்க்கிற கதை வேண்டாமாம். சின்னச் சின்ன ஊர்களில், அந்தந்த மக்களின் வீட்டில் தங்கி, அவர்கள் போட்டதைச் சாப்பிட்டு, வருஷக்கணக்கில் போகிற பயணத்தைப் பற்றிப் பேச வேண்டுமாம். நல்ல விஷயம். இதற்கு உதாரணம் தேடி நான் தூரத்துக்குப் போகவில்லை. எனக்குத் தெரிந்து அப்படிப்பட்ட பயணங்களில் மிகப் பெரிய ஒன்றுக்கு யோசனை பிறந்தது இந்த ஊரில்தான், ஒரு காபிக் கடையில்.

1961 செப்டம்பர். லண்டனில் தத்துவ அறிஞர் பெர்ட்ரண்ட் ரஸ்ஸலைப் பிடித்துச் சிறையில் போட்டார்கள். அணு ஆயுதத்துக்கு எதிராகச் சட்டமறுப்புச் செய்யும்படி மக்களைத் தூண்டினார் என்பது வழக்கு. அப்போது அவருக்கு வயது 89. பிரிக்ஸ்டன் சிறையில் ஒரு வாரம். அந்தச் செய்தியைப் பெங்களூரில் காபி குடித்துக்கொண்டே இரண்டு இளைஞர்கள் பத்திரிகையில் படித்தார்கள். ஒருவர் சதீஷ் குமார். ராஜஸ்தானில் ஸ்ரீ டூங்கர்கர் என்ற ஊரில் 1936-ல் பிறந்தவர். மற்றவர் இ.பி. மேனன், மலையாளி. இரண்டு பேரும் வினோபா பாவேயின் சர்வோதய இயக்கத்துப் பிள்ளைகள். இங்கே வினோபா வழியில் அமைந்த விசுவநீடம் ஆசிரமத்தோடு தொடர்புடையவர்கள். தொண்ணூறை நெருங்கும் கிழவர் ஜெயிலுக்குப் போகிறார், நாம் இந்த வயதில் காபி குடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோமே என்று அவர்களுக்கு வெட்கமாகிவிட்டது. சதீஷ் குமார் பிற்காலத்தில் பல மேடைகளில் சொன்ன கதை இது.

அன்று அணுகுண்டு வைத்திருந்த நாடுகள் நான்கு. சீனா வெடித்தது 1964-ல்தான். அந்த நான்கு நாடுகளின் தலைநகரங்களுக்கும், மாஸ்கோ, பாரிஸ், லண்டன், வாஷிங்டன் என்று, நடந்தே போய், குண்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டு வருவது என முடிவு செய்தார்கள். பெங்களூர்க் காபிக் கடைகளில் எடுக்கிற முடிவுகள் பெரும்பாலும் பில் வருவதற்குள் மறந்துபோகும். இது மறக்கவில்லை.

கிளம்புவதற்கு முன் வினோபாவிடம் ஆசி வாங்கப் போனார்கள். வினோபா யார்? 1951 ஏப்ரலில் தெலங்கானாவின் போச்சம்பள்ளியில் நிலமில்லாதவர்களுக்கு நிலம் தானமாகக் கேட்கும் பூதான இயக்கத்தைத் தொடங்கியதிலிருந்து ஊர் ஊராக நடந்துகொண்டேயிருந்தவர். 1956, 57-ல் தமிழ்நாட்டில் நடந்தார். 1957 செப்டம்பரில் மைசூருக்குப் பக்கத்து யெல்வாலில் நடந்த கிராமதான மாநாட்டுக்கு நேருவே அவரைத் தேடி வந்தார். நடையைப் பற்றி யோசனை கேட்பதென்றால் அவரைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது. அவர் இரண்டு நிபந்தனை போட்டார். பையில் ஒரு பைசா கூட எடுத்துக்கொண்டு போகக் கூடாது. எங்கே போனாலும் சைவச் சாப்பாடுதான்.

இதைக் கேட்டால் நமக்கு முதலில் தோன்றுவது, பாவம், பிள்ளைகளைப் பட்டினி போடப் பார்க்கிறாரே என்பதுதான். ஆனால் வினோபா கணக்குத் தெரிந்தவர். நீங்களே நினைத்துப் பாருங்கள். சாயங்காலம் ஆறு மணி. நாளெல்லாம் நடந்து கால் கடுக்கிறது. முன்பின் தெரியாத ஊர். கையில் காசு இருந்தால் என்ன செய்வீர்கள்? லாட்ஜில் அறை எடுப்பீர்கள், பக்கத்து ஓட்டலில் சாப்பிடுவீர்கள், கதவைச் சாத்திக்கொண்டு தூங்குவீர்கள். காலையில் எழுந்து கிளம்பிவிடுவீர்கள். அந்த ஊரில் ஒரு ஆளோடு பத்து வார்த்தை பேசியிருக்க மாட்டீர்கள். காசு இல்லையென்றால்? பேசியே ஆக வேண்டும். டீக்கடைக்காரரிடமோ, பள்ளிக்கூட வாத்தியாரிடமோ, கிணற்றடியில் நிற்கிற அம்மாவிடமோ போய், நாங்கள் இன்னார், இன்ன காரணத்துக்காக நடக்கிறோம், இன்றைக்கு ராத்திரி படுக்க இடம் வேண்டும் என்று வாயைத் திறந்து கேட்க வேண்டும். பிரசாரம் அங்கேயே ஆரம்பமாகிவிடுகிறது. சைவச் சாப்பாடு விஷயமும் அப்படித்தான். இலையில் வைத்த கறியை வேண்டாம் என்று சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்று கேட்டால் அகிம்சையைப் பற்றிப் பேசலாம். இரண்டு நிபந்தனையும் பட்டினிக்காகப் போட்டவை இல்லை. மனிதர்களிடம் பேசாமல் இவர்கள் தப்பிக்க முடியாதபடி போட்ட பூட்டு.

இதில் சதீஷ் குமாருக்கு ஒரு வசதி இருந்தது. அவர் ஒன்பது வயதில் ஜைனத் துறவியாகி, பதினெட்டு வயது வரை அப்படியே வாழ்ந்தவர். பிறகு காந்தியைப் படித்து மடத்திலிருந்து ஓடி வந்தவர். ஜைனத் துறவிகளின் வாழ்க்கையே நீண்ட பயணம்தான். மழைக்காலம் நாலு மாதம் ஓர் ஊரில் தங்குவார்கள். மற்ற மாதமெல்லாம் வெறுங்காலோடு நடை. சாப்பாடு ஒரே வீட்டில் வாங்குவதில்லை. எந்த வீட்டுக்கும் பாரமில்லாமல் வீட்டுக்குக் கொஞ்சமாக வாங்கிக்கொள்வார்கள். மாதக்கணக்கில் பிறர் வீட்டை நம்பி எப்படி நகர்வது என்பதை நம் நாட்டில் இரண்டாயிரம் வருஷத்துக்கு மேலாகப் பழகி வைத்திருக்கிறார்கள்.

தமிழ் வாசகர்களுக்கு இது புதிதா? சிலப்பதிகாரத்தில் புகாரிலிருந்து மதுரைக்குக் கோவலன் கண்ணகியோடு நடந்து வரும் கவுந்தியடிகள் சமணத் துறவிதானே. நாம் அந்தக் கதையில் சிலம்பையும் எரிந்த மதுரையையும் நினைவு வைத்திருக்கிறோம். எனக்கு அதில் மிகப் பிடித்த ஆள் மாதரி. மதுரைக்கு வெளியே ஆயர் குடியிருப்பில் இருக்கும் இடையர் வீட்டுப் பெண். முன்பின் தெரியாத கண்ணகியை அடைக்கலமாக ஒப்படைக்கிறார் கவுந்தி. மாதரி என்ன செய்கிறாள்? வந்தவர்கள் சாவக நோன்பு, அதாவது இல்லறச் சமணரின் விரதம் பிடிப்பவர்கள், நம் வீட்டுச் சாப்பாடு அவர்களுக்கு ஆகாது என்று யோசிக்கிறாள். அதற்காக முகம் சுளிக்கவில்லை. தங்க இடம் ஒதுக்கி, புதுப் பாத்திரம், காய்கறி, அரிசி எல்லாம் கொடுத்து, நீயே உன் வழக்கப்படி சமைத்துக்கொள் என்று விடுகிறாள். விருந்தோம்பல் என்று பாடப்புத்தகத்தில் படிக்கிறோமே, அது நடைமுறையில் எப்படி இருக்கும் என்பதற்கு இதைவிட நல்ல காட்சி எனக்குத் தெரியாது. இந்த மாதரியை மறந்துவிடாதீர்கள். மறுபடி வருவாள்.

நம் ஆட்களிடம் வருவோம். 1962 ஜூனில் டெல்லி ராஜ்காட்டில், காந்தி சமாதியிலிருந்து கிளம்பினார்கள். எல்லையை நெருங்கியபோது நண்பர்கள் வந்து சாப்பாட்டுப் பொட்டலங்களைக் கொடுத்தார்கள். அந்தப் பக்கம் பாகிஸ்தான். பிரிவினை முடிந்து பதினைந்து வருஷம்தான் ஆகியிருந்தது. இந்தியர்களுக்கு யார் சோறு போடுவார்கள் என்ற கவலை. சதீஷ் குமார் வாங்க மறுத்துவிட்டார். இதை எடுத்துக்கொண்டு போனால் அங்கே சோறு கிடைக்காது என்று நான் நம்புவதாக ஆகிவிடும் என்பது அவர் வாதம். கொடுத்தவர்கள் கண் கலங்கிவிட்டார்கள். எல்லையைத் தாண்டிக் கொஞ்சம் நடந்ததும் ஓர் ஆள் எதிரே வந்து, அமைதிக்காக நடக்கிற இரண்டு இந்தியர்கள் நீங்கள்தானா என்று கேட்டார். இவர்களைப் பற்றி ஏற்கனவே கேள்விப்பட்டு, வீட்டுக்கு அழைத்துப்போகக் காத்திருந்தவர். பாகிஸ்தானில் முதல் ராத்திரிக்கே விருந்து கிடைத்துவிட்டது.

இதைக் கேட்டு உடனே, பார்த்தீர்களா, மனிதர்கள் எல்லோரும் நல்லவர்கள் என்று முடிவு கட்ட வேண்டாம். நான் அந்தக் கட்சி இல்லை. நான் கவனிப்பது வேறொன்று. பொட்டலத்தை வாங்கியிருந்தால் அந்த ஆள் கொடுத்த சாப்பாட்டுக்கு இவர்கள் இலையில் இடமே இருந்திருக்காது. பயணிக்கு வயிறு காலியாக இருக்க வேண்டும். அது வசதியான நிலை இல்லைதான்.

பிறகு கைபர் கணவாய், ஆப்கானிஸ்தான், ஈரான், அங்கிருந்து சோவியத் நாட்டின் தென்பகுதி. பஷ்தூன் மக்களிடம் விருந்தாளியைக் காப்பது சட்டம் மாதிரி. மெல்மஸ்தியா என்று அவர்கள் வழக்கத்தில் அதற்கு முதல் வரிசையில் இடம். ஆனால் விருந்தாளிக்கு ஆடு அறுப்பதுதான் மரியாதை என்று நினைக்கிற மண்ணில் இரண்டு பேர் கறி வேண்டாம் என்கிறார்கள். கோபப்பட்டிருக்கலாம். ரொட்டியும் டீயும் பழமும் வைத்து உபசரித்திருக்கிறார்கள். நம் மாதரியின் அக்கா தங்கைகள் கைபருக்கு அந்தப் பக்கமும் இருந்தார்கள்.

இவர்கள் நடந்துகொண்டிருக்கும்போதே 1962 அக்டோபரில் இந்திய-சீனப் போர் வெடித்தது. அதே மாதம் கியூபா ஏவுகணை நெருக்கடி. உலகமே அணுகுண்டுப் போரின் விளிம்பில் நின்றது. அமைதி பேசப் புறப்பட்டவர்களின் சொந்த நாடே போரில். வழியில் எத்தனை பேர் இதைச் சொல்லிக் குத்திக்காட்டியிருப்பார்களோ!

சோவியத் பகுதியில் நடந்த ஒரு சம்பவம் சதீஷ் குமாரின் பேச்சுகளில் தவறாமல் வரும். தேயிலைத் தொழிற்சாலை ஒன்றின் வாசலில் வேலை செய்யும் இரண்டு பெண்களைச் சந்திக்கிறார்கள். விஷயத்தைச் சொல்லித் துண்டறிக்கை கொடுக்கிறார்கள். பெண்கள் உள்ளே கூப்பிட்டு டீ கொடுக்கிறார்கள். ஒருத்திக்குத் திடீரென்று ஒரு யோசனை. ஓடிப்போய் நான்கு பொட்டலம் தேயிலை எடுத்து வருகிறாள். இது உங்களுக்கு இல்லை; மாஸ்கோ, பாரிஸ், லண்டன், வாஷிங்டன் தலைவர்களுக்கு ஆளுக்கொரு பொட்டலம். அணுகுண்டுப் பொத்தானை அழுத்தத் தோன்றினால் ஒரு நிமிஷம் நிறுத்தி, இந்த டீயைப் போட்டுக் குடிக்கச் சொல்லுங்கள் என்கிறாள். அந்தப் பொட்டலங்களைச் சுமந்துகொண்டு நடந்து, நான்கு தலைநகரங்களிலும் கொடுத்தார்கள்.

மேற்கு ஐரோப்பாவில் இவர்களுக்குக் கிடைத்த வரவேற்பு கலவையானது. பாரிஸில் அதிபர் மாளிகை முன் ஆர்ப்பாட்டம் செய்ததற்காகச் சிறை. பிறகு இங்கிலாந்துக்கு அனுப்பிவிட்டார்கள். எந்தக் கிழவருடைய செய்தி இவர்களைக் கிளப்பியதோ அந்த ரஸ்ஸலை நேரில் பார்த்தார்கள். அட்லாண்டிக் கடலை நடந்து தாண்ட முடியாதே; கப்பல் பயணத்துக்கு அவர் உதவினார். அமெரிக்காவில் மார்ட்டின் லூதர் கிங்கைச் சந்தித்தார்கள். ஆனால் பார்க்க நினைத்த கென்னடி 1963 நவம்பர் 22-ல் சுடப்பட்டு இறந்துவிட்டார். காந்தி சமாதியில் தொடங்கிய நடை, ஆர்லிங்டனில் கென்னடி சமாதியில் முடிந்தது. இருவருமே துப்பாக்கிக் குண்டுக்குப் பலியானவர்கள். மொத்தம் சுமார் 8,000 மைல். ஏறக்குறைய 13,000 கிலோமீட்டர்.

அரசியல் பலன் என்ன என்று கேட்டால், ஒரு குண்டும் குறையவில்லை. 1964-ல் சீனாவும் சேர்ந்துகொண்டது, 1974-ல் நாமும் பொக்ரானில் வெடித்துக் காட்டினோம். அந்தக் கணக்கில் இந்தப் பயணம் தோல்விதான். அதை மறைக்க வேண்டியதில்லை.

மேனன் தன் அனுபவத்தை 'ஃபுட்பிரின்ட்ஸ் ஆன் ஃப்ரெண்ட்லி ரோட்ஸ்' என்ற புத்தகமாக எழுதினார். சதீஷ் குமார் 1978-ல் 'நோ டெஸ்டினேஷன்' எழுதினார். 1973-ல் இங்கிலாந்தில் குடியேறி 'ரிசர்ஜன்ஸ்' இதழை நாற்பது வருஷத்துக்கு மேல் நடத்தினார். எனக்கு அதிகம் பிடித்தது அவர் குடியேறிய இடம். உலகம் சுற்றியவர் லண்டனில் உட்காரவில்லை. டெவன் பகுதியில் ஹார்ட்லண்ட் என்ற கிராமத்தில் போய் உட்கார்ந்தார். தோட்டம் போட்டார். பெரிய பிள்ளைகள் படிக்க ஊரை விட்டுத் தூரம் போக வேண்டியிருக்கிறதே என்று 1982-ல் 'ஸ்மால் ஸ்கூல்' என்று கிராமத்துக்குள்ளேயே ஒரு பள்ளிக்கூடம் ஆரம்பித்தார். ஐம்பது வயதானபோது மறுபடி காசில்லாமல் பிரிட்டன் முழுக்க ஒரு சுற்று நடந்தார். அங்கேயும் ராத்திரிக்கு ராத்திரி யாரோ ஒருவர் வீட்டில்தான் படுக்கை.

இனி ஒரு சங்கடமான விஷயம். இவர்கள் காபூலில், தெஹ்ரானில் கதவைத் தட்டியபோது யாரும் "நீங்க என்ன ஆளுங்க?" என்று கேட்கவில்லை. இந்தியாவில் ஒரு கிராமத்தில் ராத்திரி தங்க இடம் கேட்டுப் பாருங்கள், அந்தக் கேள்வி வராமல் இருக்குமா? நம் ஊர்த் திண்ணையைப் பற்றிப் பத்திரிகைகளில் உருகி உருகி எழுதுகிறோம். வழிப்போக்கன் படுத்துக்கொள்ளக் கட்டிய திண்ணை, ஆஹா, ஓஹோ என்று. எந்த வழிப்போக்கன்? திண்ணையில் ஏற முடியாத வழிப்போக்கர்கள் ஊருக்கு ஊர் இருந்தார்கள். சத்திரங்களும் அப்படித்தான், பல சத்திரங்களில் சாதிக்கொரு பந்தி. நம் ரயில் நிலையத்துக்கு எதிரே குப்பி தோட்டதப்பா சத்திரம் இருக்கிறதே, அது மாதிரித் தர்மங்கள் எத்தனையோ ஏழைப் பயணிகளையும் படிக்க வந்த பிள்ளைகளையும் காப்பாற்றியிருக்கின்றன. அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் தலித் ஒருவர் காசில்லாமல் இந்தியாவைச் சுற்றி வந்த பயணக் கதை நம் அலமாரியில் ஏன் இல்லை என்று கேட்டால், பதில் அவர் காலில் இல்லை, நம் வாசற்படியில் இருக்கிறது.

பெண்கள் விஷயத்தில் நிலைமை கொஞ்சம் வேறு. பெண்களால் இப்படி நடக்க முடியாது என்று நினைப்பது நம் பயம். அமெரிக்காவில் மில்ட்ரெட் நார்மன் என்ற பெண் 'பீஸ் பில்கிரிம்' என்று பெயர் வைத்துக்கொண்டு 1953 முதல் 1981-ல் இறக்கும் வரை காசில்லாமல் நடந்தார். சாப்பிடக் கூப்பிட்டால் சாப்பிடுவார்; இல்லையென்றால் பட்டினி. இருபத்தைந்தாயிரம் மைல் ஆனதும் எண்ணுவதையே நிறுத்திவிட்டார். வினோபாவின் இயக்கத்திலும் 1967-ல் நான்கு பெண்கள் லோகயாத்திரை கிளம்பிப் பன்னிரண்டு வருஷம் இந்தியா முழுக்க ஊர் ஊராக நடந்தார்கள். சதீஷ் குமார் மாதிரி அவர்கள் பெயர் வெளியே தெரியவில்லை. அவர்களைக் கவனிக்காமல் விட்டது நாம்தான்.

தனி மனிதர்கள் செய்ததை அமைப்பாகச் செய்ய முடியுமா? முயன்றிருக்கிறார்கள். 1932-ல் டொனால்ட் வாட் என்ற அமெரிக்கர் ஆரம்பித்த திட்டத்தில் மாணவர்கள் வேறு நாட்டுக் குடும்பத்தில் வீட்டுப் பிள்ளையாகத் தங்கினார்கள். இன்று 'ஹோம்ஸ்டே' என்று சொல்வதற்கு அது முன்னோடி. 1949-ல் டென்மார்க்கில் 'செர்வாஸ்' ஆரம்பமானது. உறுப்பினர் வீட்டில் இரண்டு ராத்திரி தங்கலாம்; காசு கொடுக்கல் வாங்கல் கிடையாது. இரண்டாவது உலகப் போர் முடிந்து நாலு வருஷத்தில், நேற்று வரை எதிரி நாட்டு ஆளாக இருந்தவரை வீட்டில் படுக்க வைக்கலாம் என்று நினைத்ததற்கே துணிச்சல் வேண்டும். செர்வாஸ் இந்தியாவிலும் இருக்கிறது. 1965-ல் நியூயார்க் லாங் ஐலண்டில் குவேக்கர் கிறிஸ்தவர்கள் 'ஃப்ரெண்ட்ஸ் வேர்ல்ட் காலேஜ்' தொடங்கினார்கள். வகுப்பறைக்குப் பதில் வெவ்வேறு கண்டங்களில் மையங்கள்; மாணவன் அந்த மண்ணில் மக்களோடு இருந்து கற்க வேண்டும். தெற்காசிய மையம் பெங்களூரில் இருந்தது. நம் ஊர் ஏற்கனவே இந்த வரைபடத்தில் இருக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன்.

பிறகு இணையம் வந்தது. 2004-ல் 'கவுச்சர்ஃபிங்' தளம். உலகத்தில் எந்த ஊரிலும் யாராவது ஒருவருடைய சோபாவில் இலவசமாகப் படுக்கலாம். லட்சக்கணக்கில் சேர்ந்தார்கள். தன்னார்வலர்கள் வளர்த்த தளம் 2011-ல் லாபம் பார்க்கும் கம்பெனியாக மாறியது. 2020-ல் கட்டணம் கட்டினால்தான் உள்ளே போகலாம் என்றார்கள். பழைய உறுப்பினர்கள் கோபித்துக்கொண்டதில் நியாயம் இருக்கிறது. ஆனால் சர்வருக்கு யார் காசு கட்டுவது என்ற கேள்வியும் நியாயம்தான். விலை போட்ட இடத்தில் விருந்தாளி வாடிக்கையாளன் ஆகிவிடுகிறான். கூர்க்கிலும் சிக்கமகளூரிலும் வாரக்கடைசியில் நாம் போய்த் தங்குகிற ஹோம்ஸ்டேக்கள் அப்படித்தான். அங்கே வெந்நீர் வரவில்லை என்று சண்டை போட நமக்கு உரிமை உண்டு. மாதரி வீட்டில் அந்த உரிமை கிடையாது.

பணம் வேண்டாம் என்றால் இலவசமாகத் தின்று திரிவதா என்று உங்களில் சிலர் நினைப்பது முகத்தில் தெரிகிறது. சரியான சந்தேகம். சொந்த நாட்டில் கைநிறையச் சம்பளம் வாங்கிச் சேமித்துவிட்டு, ஏழை நாட்டில் வந்து 'நான் காசில்லாமல் பயணம் செய்கிறேன்' என்று கூலிக்காரன் வீட்டுச் சோற்றில் கை வைக்கிறவர்களை எனக்கும் பிடிக்காது. அதற்கு ராகுல சாங்கிருத்தியாயன் வழி இருக்கிறது. 'வால்காவிலிருந்து கங்கை வரை' எழுதியவர். அதைத் தமிழில் படிக்காத வாசகர் குறைவு. 1927-ல் இலங்கைக்குப் போய்க் களனி வித்யாலங்கார பிரிவெனா என்ற பௌத்தக் கல்விக்கூடத்தில் சுமார் ஒன்றரை வருஷம் இருந்தார். பிக்குகளுக்குச் சமஸ்கிருதம் சொல்லிக்கொடுத்தார். அவர்களிடம் பாலி கற்றுக்கொண்டார். சாப்பாடும் தங்குமிடமும் அவர்கள் பொறுப்பு. யாரும் யாருக்கும் கடன்பட்டதில்லை. பிறகு திபெத்துக்குப் போகும்போதும் அந்த மொழியைக் கற்றுக்கொண்டு போனார். ஓர் ஊரில் மாதக்கணக்கில் இருக்க நினைப்பவனுக்கு இரண்டு தகுதி வேண்டும் என்பேன். அந்த ஊருக்குப் பயன்படுகிற ஒரு வேலை கையில் இருக்க வேண்டும். அந்த ஊர் மொழி நாக்கில் வர வேண்டும். இரண்டாவதை இந்த ஊரில், இந்தக் கூட்டத்தில் நான் அதிகம் விரித்துச் சொல்லப் போவதில்லை. பெங்களூரில் முப்பது வருஷம் இருந்தும் 'கன்னட கொத்தில்ல' என்ற இரண்டு வார்த்தையோடு காலம் தள்ளுகிறவர்கள் யார் யார் என்று அவரவருக்கே தெரியும்.

இதுவரை நடந்தவர்களைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தேன். கதவைத் திறந்தவர்கள்? இரண்டு பேர் நடந்தார்கள் என்றால் ராத்திரிக்கொரு வீடு அவர்களுக்குச் சோறு போட்டிருக்கிறது. அந்த வீட்டு அம்மா அன்றைக்கு எத்தனை மணிக்குத் தூங்கினாள், குழந்தைகளுக்குப் போதுமான ரொட்டி இருந்ததா, விசாரிக்க வந்த போலீஸ்காரனுக்கு வீட்டுக்காரர் என்ன பதில் சொன்னார்? பயண நூல்களில் இதெல்லாம் இருக்காது. மாதரிக்கு என்ன ஆனது தெரியுமா? தன்னிடம் அடைக்கலம் வந்தவர்களுக்கு நேர்ந்ததைத் தாங்காமல் தீயில் இறங்கிவிட்டாள். அடைக்கலம் கொடுப்பது விளையாட்டில்லை என்று இளங்கோவுக்குத் தெரிந்திருக்கிறது.

இன்றைக்கு இந்தியாவில் உங்கள் வீட்டில் ஒரு வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் ஒரு படிவத்தில் அரசுக்குத் தகவல் கொடுக்க வேண்டும். ஓட்டலுக்கு மட்டும் இல்லை, வீட்டுக்கும் உண்டு. இது அடைக்கலத்துக்கு வந்த அரசாங்கக் காகிதம், அவ்வளவுதான். நிரப்பப் பத்து நிமிஷம் ஆகும். இதைச் சாக்காகச் சொல்லி வெளிநாட்டு நண்பரைப் பக்கத்து ஓட்டலுக்கு அனுப்புகிறவர்கள் படிவத்தைப் பார்த்துப் பயப்படவில்லை; தொந்தரவைப் பார்த்துப் பயப்படுகிறார்கள்.

வெளிநாட்டவரையும் விடுங்கள். இந்த ஊரில் வாடகைக்கு வீடு தேடியவர்களுக்குத் தெரியும். கேட்டில் தொங்குகிற அட்டையில் மூன்று மொழியில் எழுதியிருக்கும்: வெஜிடேரியன் மட்டும். ஃபேமிலி மட்டும். பேச்சிலர் வேண்டாம். போனில் முதல் கேள்வி வாடகையைப் பற்றி இருக்காது, "நீங்க வெஜ்ஜா?" என்றுதான் இருக்கும். காசு கொடுத்து, அட்வான்ஸ் கட்டி, தானே சமைத்துச் சாப்பிடப் போகிறவனிடம் இந்தக் கேள்வி! இதே ஊரிலிருந்து போன இரண்டு சைவ இளைஞர்களுக்கு, கறி தின்கிற ஆப்கானியர்களும் ஈரானியர்களும் ரஷ்யர்களும் காசு வாங்காமல், இந்த இளைஞர்களின் வழக்கப்படியே சோறு போட்டு, வீட்டுக்குள் படுக்க வைத்தார்கள். நாம் வாடகை வாங்கிக்கொண்டும் கதவைத் திறக்க மாட்டேன் என்கிறோம். இதில் யார் பண்பாடு உயர்ந்தது என்று நானே சொல்ல வேண்டுமா?

உலகம் சுற்ற ஆசைப்படும் பிள்ளைகள் இங்கே முன்வரிசையில் இருக்கிறார்கள். போங்கள், தாராளமாகப் போங்கள். விசா வாங்குவதுதான் இன்று நம் பாஸ்போர்ட்டுக்குப் பெரிய கைபர் கணவாய். பொறுமையாக வரிசையில் நில்லுங்கள். ஆனால் போவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது, பெற்றோர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். உங்கள் தெருவிலேயே ஒரு பி.ஜி. இருக்கும். அதில் அசாமிலிருந்து, பீகாரிலிருந்து, மணிப்பூரிலிருந்து வந்த பையன்களும் பெண்களும் இருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை அவர்களுக்குப் பெரும்பாலும் பார்சல் சாப்பாடுதான். அவர்களில் ஒருவரை இந்த வாரமே சாப்பிடக் கூப்பிடுங்கள். அவர்கள் என்ன சாப்பிடுவார்கள் என்று முதலில் கேளுங்கள். உங்கள் வீட்டில் அது சமைக்க மாட்டீர்கள் என்றால் வெளியே வாங்கி வந்தாவது வையுங்கள். எந்த ஊர், என்ன ஆள் என்று மட்டும் கேட்க வேண்டாம்.